உடம்பைக் கேட்டவர்

அவரை நாங்கள் "அவன்" என்றுதான் சொல்வோம். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். எங்கள் கபடி டீமில் இருந்த பன்னிரண்டு பேரில் ஒருவன்கூட அவரை "அவர்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. கேப்டனாக இருந்த நானும் சொன்னதில்லை. இப்போது எழுத உட்காரும்போதுதான் அந்த ஒரு எழுத்தை மாற்றிக்கொள்கிறேன்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் ரோட்டில் இறங்கி, உள்ளே இரண்டு மைல் நடந்தால் எங்கள் ஊர். ஊரைத் தாண்டி ஏரிக்கரை ஓரமாகக் காலனி. அவர் வீடு காலனியில். திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். மூட்டை தூக்குகிறவர்களுக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும், இடுப்பு நின்றுபோகும். அப்படிப் படுத்த கூட்டாளிகளை நீவி, உருவி, மறுநாள் வேலைக்கு எழுப்பி விட்டதில்தான் உருவி விடும் கைப்பழக்கம் அவருக்கு வந்தது. யாரிடமும் போய்க் கற்றுக்கொண்டதாகச் சொன்னதில்லை. மண்டியில் வேலை செய்ததால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் "மண்டி ஆளு".

முதல்முறை அவரிடம் நான் போனது தோள்பட்டைக்காக. ரெய்டு போன என்னை மூன்று பேர் சேர்ந்து அமுக்கியதில் வலது கை மேலே தூக்க வரவில்லை. ஏரிக்கரையில் ஒரு கோணியை விரித்து என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னார். உள்ளங்கையைத் தோள்மேல் வைத்தார். வைத்தவர் வைத்தபடியே இருந்தார். தேய்க்கவில்லை, அழுத்தவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இங்க இல்ல, கொஞ்சம் கீழ வலிக்குது" என்றேன்.

"உன்னை யாரு கேட்டா? தோளைக் கேக்கறேன். நீ சும்மா படு."

தூக்கிவாரிப்போட்டது. காலனி ஆள் ஒருவர் என்னை "நீ" என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எழுந்துவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் அவருடைய கட்டைவிரல் நான் சொன்ன இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கம், தோள் எலும்புக்கு உள்ளே போய் நின்றது. உயிர் போகிற மாதிரி ஒரு வலி. அப்புறம் கை லேசாகிவிட்டது. கையை எடுத்துவிட்டுத் துண்டில் துடைத்துக்கொண்டே, "ரெண்டு நாளு ஆடாதீங்கய்யா" என்றார்.

பின்னால் கவனித்தபோதுதான் புரிந்தது. உடம்பில் கை இருக்கும் வரைக்கும் அவருக்கு எல்லாரும் "நீ". கையை எடுத்ததும் "நீங்க", "ஐயா" எல்லாம் திரும்ப வந்துவிடும். அவர் வேண்டுமென்று செய்ததாகத் தோன்றவில்லை. கை வைத்த பிறகு அவருக்கு எதிரில் ஆள் கிடையாது, உடம்பு மட்டும்தான்.

மேட்சுக்குப் போகும்போதெல்லாம் அவரைக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தோம். மேட்சுக்கு முன்னால் எண்ணெய் தொடமாட்டார். எண்ணெய் பூசினால் பிடி வழுக்கும், எதிர் டீம் சண்டைக்கு வரும். வெறும் துண்டால் தொடையையும் கெண்டைக்காலையும் பரபரவென்று தேய்த்துச் சூடேற்றுவார். கையைக் கத்தி மாதிரி வைத்துத் தட்டுவார். "தூங்கற மாட்டை எழுப்பற மாதிரி" என்பார். ஆட்டம் முடிந்த பிறகு எல்லாமே நேர்மாறு. பூண்டும் கற்பூரமும் போட்டுக் காய்ச்சிய மல்லாட்டை எண்ணெய், அவசரமில்லாத கை. கீழேயிருந்து மேலே, பாதத்திலிருந்து தொடைக்கு, எப்போதும் நெஞ்சைப் பார்த்துத்தான் உருவுவார். "கெட்ட ரத்தம் காலுல தங்கினா நாளைக்கி நடக்க முடியாது. அதை மேல அனுப்பிடணும்." சுளுக்கு என்றால் சுளுக்கின இடத்தைத் தொடமாட்டார், சுற்றிலும் இளக்கிவிட்டு ஒத்தடம் கொடுப்பார். தசை இழுத்துக்கொண்டவனுக்குக் கால் கட்டைவிரலைப் பிடித்து முட்டியை நோக்கி வளைப்பார். இடுப்புக்கு மட்டும் காலால் மிதிப்பார், சுவரைப் பிடித்துக்கொண்டு, எடையில் பாதியைச் சுவருக்குக் கொடுத்து. எதைச் செய்தாலும் முதலில் அந்த அசையாத உள்ளங்கை. அதை மட்டும் அவர் ஒருநாளும் விட்டதில்லை.

அந்தக் கைக்கு எங்களில் சிலர் பயந்தார்கள். டீமில் ஒருவன் முதுகில் வலியென்று படுத்தான், வரப்பில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னான். அவர் முதுகில் கையை வைத்தார். "இது வுழுந்த அடி இல்ல. உங்கப்பன் எதால அடிச்சாரு?" என்று அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார். அவன் கோணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். பக்கத்தில் படுத்திருந்த எனக்குக் கேட்டது. அவரோ அவனோ அதைப்பற்றி அப்புறம் யாரிடமும் பேசவில்லை.

ஒருமுறை எங்கள் அம்மாவுக்கு நெல் அறுப்பு முடிந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. பெண்களுக்கு அவர் கை வைக்கமாட்டார், அவர் மனைவிதான் செய்வாள். காலனிப் பெண்ணை வீட்டுக்குள் விடமுடியாது என்று அப்பா சொல்லிவிட்டார். அதனால் அம்மாவை மாட்டுக் கொட்டாயில் படுக்க வைத்தோம். மனைவி உள்ளே, அவர் சுவருக்கு வெளியே. "உள்ளங்கையை வெச்சியா? சூடா இருக்குதா, ஜில்லுனு இருக்குதா?" என்று வெளியிலிருந்து கேட்பார். "ஜில்லுனு இருக்குது." "அப்போ எண்ணெய்யைச் சூடு பண்ணிக்கோ. எலும்பு மேல அழுத்தாத, ரெண்டு பக்கமும் பிசை." மூன்று நாள் இப்படி நடந்தது. மூன்றாம் நாள் அம்மாவால் குனிய முடிந்தது. நன்றாகக் குனிந்து சொம்பில் தண்ணீர் மொண்டு, உயரத் தூக்கிப்பிடித்து ஊற்றினாள். இரண்டு பேரும் கைகளைக் குவித்து ஏந்திக் குடித்தார்கள். அந்தப் பெண்ணின் கைகள் அவ்வளவு நேரம் எங்கே இருந்தன என்று அம்மாவுக்கும் தோன்றவில்லை, பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் தோன்றவில்லை.

ஏழுமலை என் சித்தப்பா மகன். ஒரே பிள்ளை. இருபத்தோரு வயது. எங்கள் டீமில் இடது மூலை அவனுடையது. அவன் கணுக்காலைப் பிடித்துவிட்டால் எவனும் கோட்டைத் தொட்டுத் திரும்பமுடியாது. அந்த வருஷம் தீபாவளி கழித்து ஒரு மேட்சில் அவனுக்குக் கால் எலும்பில் விரிசல் விட்டு, முட்டிவரை மாவுக்கட்டு போட்டார்கள். பொங்கலுக்கு நாலைந்து நாள் முன்னால்தான் கட்டைப் பிரித்தது. காணும் பொங்கலன்று விழுப்புரத்தில் ஃபைனல். நாங்கள் முதல்முறையாக ஃபைனலுக்கு வந்திருந்தோம்.

"நிக்கிறதுக்கு மட்டும் வாடா. உன்னைப் பார்த்தாலே அவனுங்க அந்தப் பக்கம் வரமாட்டானுங்க" என்று நான்தான் அவனை அழைத்தேன். சித்தி வாசலில் நின்றுகொண்டு, "அவன் காலைப் பாத்துக்கோடா" என்று என்னிடம் சொன்னாள்.

பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே ஏழுமலை நொண்டினான். கெண்டைக்கால் வீங்கியிருந்தது. மைதானத்துக்குப் பின்னால் சைக்கிள் நிறுத்தும் கொட்டகை ஒன்று இருந்தது. அங்கே அவனைப் படுக்க வைத்து, "ஜல்தியா உருவி உடு, மேட்சு ஆரம்பிக்கப் போவுது" என்றேன்.

அவர் கையை வைத்தார். வழக்கத்தைவிட ரொம்ப நேரம் வைத்திருந்தார். இன்னொரு கையை மற்ற காலில் வைத்துப் பார்த்தார். பாதத்தைப் பிடித்து மேலே வளைத்தார். ஏழுமலை முகத்தைச் சுளித்தான். அவர் இரண்டு கையையும் எடுத்துவிட்டார்.

"வேணாங்கய்யா."

"என்னா வேணாம்?"

"இது பிடிப்பு இல்ல. ஒத்தைக் காலு மட்டும் கொதிக்குது. உள்ள என்னமோ கட்டிக்கினு கல்லு மாதிரி இருக்குது. இதுல கை வைக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்கி இட்டுக்கினு போயிடுங்க."

"கட்டு போட்ட காலு வீங்கத்தான் செய்யும். பத்து நிமிஷம் உருவி உடு, போதும்."

"எனக்குக் காரணம் சொல்லத் தெரியலைங்கய்யா. கை வேணாங்குது."

அதுவரை அவர் எதற்கும் வேணாம் என்று சொன்னதில்லை. அதை நான் யோசித்திருக்க வேண்டும். ஆனால் மைக்கில் எங்கள் ஊர்ப்பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். டீம் ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் ஒரு காலனி ஆள் என்னை மறுத்துப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது பெரிதாகத் தெரிந்தது அதுதான்.

"டேய், உன்னை வைத்தியம் கேட்டனா? சொன்னதைச் செய்டா" என்றேன்.

ஏழுமலையும், "ஒண்ணும் ஆவாது, உருவு" என்றான்.

அவர் என்னைப் பார்த்தார். குனிந்து ஏழுமலையின் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். கீழேயிருந்து மேலே, லேசாக, மிகவும் லேசாக உருவினார். நான் "அழுத்தி" என்றேன். அழுத்தினார். நடுவில் நிமிர்ந்து, "போதுங்களாய்யா?" என்று கேட்டார். உடம்பில் கை வைத்துக்கொண்டு அவர் "ஐயா" என்று சொல்லிக் கேட்டது அந்த ஒரே தடவைதான்.

ஏழுமலை எழுந்தான். "இப்போ பரவால்லண்ணா" என்று சிரித்தான். முட்டியில் துணியைச் சுற்றிக்கொண்டு மைதானத்துக்கு நடந்தான். கோட்டுக்குப் பக்கத்தில் போனவன் இருமினான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, மூச்சு வரல" என்றபடி மண்ணில் உட்கார்ந்தான். நான் ஓடுவதற்கு முன்னால் அவர் ஓடிவிட்டார். அவனைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டார். ஒரு வேனைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வேனிலும் அவர்தான் தாங்கிக்கொண்டிருந்தார். நான் முன் சீட்டில் உட்கார்ந்து டிரைவரை விரட்டிக்கொண்டே இருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை.

சித்தப்பாவும் ஊர் ஆட்களும் டிராக்டரில் வந்து சேர்ந்தார்கள். என்ன நடந்தது என்று கேட்டார்கள். "மண்டி ஆளு உருவி உட்டுக்கினு இருந்தான், ஏழுமலை எழுந்து நடந்ததும் வுழுந்துட்டான்" என்று டீமில் யாரோ சொன்னார்கள். அவ்வளவு போதுமாக இருந்தது. ஆஸ்பத்திரி வாசலிலேயே அவரைப் போட்டு அடித்தார்கள். அவர் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. போலீஸ் வந்து பிரித்து ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனது.

அங்கே அவர் சொன்னது ஒன்றுதான். "நான் வேணாம்னுதாங்க சொன்னேன். கேப்டன் ஐயாவைக் கேளுங்க."

எஸ்.ஐ. என் பக்கம் திரும்பினார். "சொன்னானாய்யா?"

எனக்குப் பின்னால் சித்தப்பா நின்றுகொண்டிருந்தார். அவருடைய மூச்சு என் கழுத்தில் பட்டது.

"அந்த மாதிரி எதுவும் சொல்லல சார்" என்றேன்.

அடி வாங்கி நின்றவர் மறுத்துப் பேசவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. தரையைப் பார்த்தபடி தலையை ஆட்டிக்கொண்டார். டீமில் கேட்டுக்கொண்டு நின்ற மற்றவர்களும் என்னைப் பின்பற்றினார்கள். கேப்டன் சொல்லாததை அவர்கள் ஏன் சொல்லப்போகிறார்கள்?

அவர் ஒரு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார். பிரேதப் பரிசோதனையில், காலில் உறைந்துபோயிருந்த ரத்தக்கட்டி நெஞ்சுக்குப் போய் அடைத்துவிட்டதாக எழுதியிருந்தார்கள். கட்டு போட்ட கால் அசையாமல் கிடந்ததில் கட்டியிருக்கலாம், தேய்க்காவிட்டாலும் ஒருவேளை நகர்ந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். கேஸ் நிற்கவில்லை. ஆனால் அதற்கு முன்பே, ஏழுமலையின் பதினாறாம் நாள் முடிந்த கையோடு, ஊர் ஆட்கள் போய் அவர் வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். நான் போகவில்லை. போகவேண்டாம் என்று தடுக்கவும் இல்லை. அவர் மனைவி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு விழுப்புரத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனதாகச் சொன்னார்கள். மண்டியிலும் அவரைத் திரும்பச் சேர்க்கவில்லை. எங்கள் டீம் அதோடு கலைந்தது.

நாலு வருஷம் கழித்து நான் விழுப்புரத்தில் ஒரு உரக்கடையில் கணக்கு எழுதப் போனேன். தினமும் ஊரிலிருந்து பஸ். சேர்ந்த இரண்டாவது மாதம் லாரியில் மூட்டை வந்தது. இறக்க வந்த நாலு பேரில் அவரும் ஒருவர். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "நல்லா இருக்கீங்களாய்யா? அம்மாவுக்கு இடுப்பு எப்படி இருக்குது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை என்னால் தாங்க முடியவில்லை. மூட்டை இறக்கி முடித்து அவர் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது கிட்டே போனேன்.

"நான் ஸ்டேஷன்ல பொய் சொன்னேன்" என்றேன்.

"தெரியும்."

"நீங்க வேணாம்னு சொன்னீங்க. நான்தான்..."

"சொன்னேன்தான். சொல்லிட்டு ஏன் கையை வெச்சேன்? என் கை வேணாங்குது, நான் உன் பேச்சைக் கேக்கறேன். அது என் தப்பு. அதை நீ எடுத்துக்க முடியாது." துண்டால் முகத்தைத் துடைத்தார். "உன் தப்பை ஏன் எங்கிட்ட சொல்லிக்கினு இருக்க? அந்தம்மாகிட்ட போயி சொல்லு. பெத்தவங்க அவங்கதான்."

ஏழுமலை செத்த பிறகு அவர் யாருக்கும் கை வைப்பதில்லையாம். கூட இருந்த லோடு ஆள் ஒருவர் சொன்னார். கழுத்து பிடித்துக்கொண்டு ஒருவன் கெஞ்சினால்கூட, "ஆஸ்பத்திரிக்கிப் போ" என்று சொல்லிவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்துகொள்வாராம்.

சித்தப்பா அதற்குள் இறந்துவிட்டிருந்தார். சித்தி தனியாக இருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து நானும் உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கொட்டகையில் அவர் வேண்டாம் என்றது, நான் அழுத்தச் சொன்னது, ஸ்டேஷனில் சொன்னது. சித்தி உரிப்பதை நிறுத்தவில்லை. முறத்தில் இருந்தது முழுக்கத் தீர்ந்த பிறகு பேசினாள்.

"அவன் பொண்டாட்டி அன்னிக்கி வந்து என் காலுல வுழுந்தா. அவரு வேணாம்னு சொன்னாரும்மா, சொன்னாரும்மான்னு கத்தினா. நான் எட்டி ஒதைச்சேன்." முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "என்னை அங்க இட்டுக்கினு போ" என்றாள்.

மறுநாளே போனோம். விழுப்புரத்தில் ரயில்வே கேட்டைத் தாண்டி, ஒரே அறையுள்ள ஓட்டு வீடு. அவர் மனைவி சித்தியைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். வா என்று சொல்லவில்லை. அவர்தான் ஒரு பாயை எடுத்து உதறி விரித்தார். சித்தி வாசலில் கொஞ்சம் தயங்கினாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். மனைவி கொண்டுவந்து வைத்த தண்ணீரை எடுத்துக் குடித்தாள். நான் வெளியே நின்றேன். என்னை யாரும் கூப்பிடவில்லை.

"உன்னைக் கேட்டாத்தான் தெரியும்" என்றாள் சித்தி. "வேற யாரும் அவன்கிட்ட இல்ல. ரொம்ப வலிச்சுதாப்பா அவனுக்கு?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

"வலிச்சுதும்மா" என்றார் அவர். "நெஞ்சு அடைச்சிக்கிச்சு. பயந்துட்டாரு. ரொம்ப நேரம் இல்ல, ஆனா பயந்துட்டாரு. என் கையைப் புடிச்சிக்கினாரு. வேன்ல போவறப்போ, அம்மாகிட்ட சொல்லாதீங்கன்னாரு. அப்பால பேசல."

சித்தி அழுதாள். நாலு வருஷத்தில் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அவர் மனைவி கிட்டே வந்து உட்கார்ந்து, சித்தியின் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். தட்டிக்கொடுக்கவில்லை, நீவவில்லை. வைத்தபடியே இருந்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் சித்தி என் பக்கத்தில் உட்காரவில்லை. எங்கள் ஊர் ஸ்டாப்பில் இறங்கியதும் நின்று, "இனிமே நீ என் வூட்டுக்கு வராத" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு இரண்டு மைலும் எனக்கு முன்னால் தனியாக நடந்து போனாள்.

மாதத்துக்கு ஒருமுறை அவள் விழுப்புரம் போய் வர ஆரம்பித்தாள். முட்டி வலிக்கு அந்தப் பெண்ணிடம் எண்ணெய் போட்டுக்கொள்ளப் போவதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். அதற்காக ஊரில் சிலர் அவளோடு பேச்சை விட்டார்கள். அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஒரு தூக்குச்சட்டியும் பையுமாக ஸ்டாப்பில் நிற்பாள். நான் வேலைக்குப் போவதும் அதே பஸ்ஸில்தான். அவள் நிற்பதைத் தூரத்தில் பார்த்தால் நான் ரோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுகொள்வேன். அவள் ஏறி, பஸ் போன பிறகு ரோட்டைத் தாண்டி, அடுத்த பஸ்ஸுக்காக நிற்பேன்.